ஆசென் பஸ்ஸுக்கு வேல்கா வைத்த ஒட்டு

லிபோவோவில் எது உடைந்தாலும் ஒட்டுவதற்கு ஆள் உண்டு. கேட், கட்டில், கலப்பை, சொத்துத் தகராறில் பிரிந்த அண்ணன் தம்பி, எதுவானாலும் யாராவது ஒருவர் கை நீட்டிக்கொண்டு வந்துவிடுவார். வார்ப்பிரும்பு உடைந்தால் மட்டும் எல்லோரும் ஒரே பெயரைத்தான் சொல்வார்கள்: வேல்கா. டான்யூப் கரை ஊர்களிலிருந்துகூட டிராக்டர்க்காரர்கள் உடைந்த பாகத்தைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து அவள் வாசலில் நிற்பார்கள்.

எஃகு சமர்த்துப் பிள்ளை. சுட்டால் இளகும், விட்டால் இறுகும். வார்ப்பிரும்பு அப்படி இல்லை, அதற்கு ரோஷம் அதிகம். ஒரு பக்கம் மட்டும் சுட்டால் கோபித்துக்கொள்ளும். சுட்டதைச் சட்டென்று ஆறவிட்டால் அதைவிடக் கோபம். ஒட்டு வைத்த ஆள் பார்க்கும்வரை சும்மா இருந்துவிட்டு, அவர் முதுகைத் திருப்பியதும் 'டிங்' என்று சின்னச் சத்தத்தோடு பிளந்துகொள்ளும். அதோடு ஒரு எஃகுத் துண்டை வேறு சேர்த்து ஒட்ட வேண்டுமென்றால் பெரிய பெரிய வெல்டர்களே 'டவுனுக்கு எடுத்துக்கிட்டுப் போங்க' என்று நழுவிவிடுவார்கள்.

வேல்கா நழுவ மாட்டாள். கூட்டுப்பண்ணை இருந்த காலத்தில் அங்கே மெஷின் பட்டறையில் சேர்ந்தவள். பண்ணையைக் கலைத்தபோது ஆளாளுக்கு மாட்டையும் நிலத்தையும் பிடித்துக்கொண்டு ஓட, இவள் மட்டும் பழைய வெல்டிங் மெஷினைத் தள்ளுவண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அவள் புருஷன் அப்போது தலையில் அடித்துக்கொண்டாராம். அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. அந்த மெஷின்தான் அவளுக்குச் சோறு போட்டது.

அவள் வேலையைப் பார்க்க உட்கார்ந்தால் பொறுமை இல்லாதவர்களுக்குப் பைத்தியம் பிடித்துவிடும். பாகத்தை முதலில் கரி அடுப்பில் வைத்து, தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக ஓடுகிற அளவுக்குச் சூடாக்குவாள். பிறகு நிக்கல் ராடால் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு ஒட்டு. அது சூடாக இருக்கும்போதே சின்னச் சுத்தியலால் டொக் டொக்கென்று தட்டுவாள். கொஞ்சம் பொறுத்து, எதிர் ஓரத்தில் இன்னொரு ஒட்டு. எல்லாம் முடிந்ததும் கொல்லையில் இருக்கும் பீப்பாயில், சலித்த அடுப்புச் சாம்பலுக்குள் பாகத்தைப் புதைத்துவிடுவாள். மறுநாள் மத்தியானம் வரை அந்தப் பீப்பாயைத் தொடக்கூடாது. அவசரம் என்று யாராவது முனகினால் ஒரே பதில்தான்.

"அவசரம்னா வண்டியக் கயிறு கட்டி இழுத்துக்கிட்டுப் போ. சாம்பல்கிட்ட அவசரத்தக் காட்டாத."

பக்கத்து மனையில் கராஜ் வைத்திருந்தவன் தேயான். வெளியூரிலிருந்து வாயும் கையுமாக வந்த மெக்கானிக். வாய் கொஞ்சம் நீளம், கை சுத்தம். இலினாவை அவன் கட்டிக்கொண்டபோது சர்ச்சில் இருவர் தலைக்கு மேலும் கிரீடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவள் வேல்காதான். அன்றிலிருந்து அவள் அவர்களுக்குக் 'கூமா'. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்துவைத்த கூமா என்றால் பெற்றவளுக்கும் ஒரு படி மேல். அவளிடம் எதிர்த்துப் பேசுவதில்லை, அவள் கையை முத்தமிடாமல் பெருநாள் கழிவதில்லை. கல்யாணப் பரிசாக வேல்கா இரண்டு மனைகளுக்கும் நடுவே இருந்த சுவரை உடைத்து ஒரு இரும்புக் கதவு போட்டுக் கொடுத்தாள். தேயான் கழற்றுவான், கதவு வழியாக அவளிடம் வரும். அவள் ஒட்டுவாள், கதவு வழியாகப் போகும், அவன் பூட்டுவான். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது.

ஊர் பஸ்ஸை ஓட்டியவன் ஆசென். அந்த பஸ்தான் அவனுக்கு எல்லாம். இலையுதிர் காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பஸ்ஸைத் தேயான் கராஜில் நிறுத்திவிட்டு, எஞ்சினிலிருந்து புகையை வெளியே தள்ளுகிற வார்ப்பிரும்புக் குழாயைச் சாக்கில் போட்டுக்கொண்டு வந்தான். எஞ்சினோடு சேர்த்துப் போல்ட்டு போடுகிற காது ஒன்று முறிந்து வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது.

"காத எங்கடா தொலச்ச?" என்றாள் வேல்கா.

"என் பொண்டாட்டி கத்துறதுல என் காதே போயிடுச்சு, இது என்ன. புதுசு போட முடியுமா முடியாதா?"

"ஸ்டீல்ல வெட்டிப் போடறேன். எப்ப வேணும்?"

"ஞாயித்துக்கிழமை காலைல. பென்ஷன்காரங்க எல்லாரும் வெந்நீர் ஊத்துக்குக் குளிக்கப் போறாங்க. போகலன்னா என்ன வெந்நீர்ல போட்டுடுவாங்க."

அவள் தடித்த எஃகுத் தகட்டிலிருந்து புதுக் காது வெட்டி, சுட்டு, ஒட்டி, தட்டி, சாயங்காலத்துக்குள் சாம்பலில் வைத்தாள். மறுநாள் அவள் அக்காவுக்கு நாற்பதாம் நாள் பூசை. அதற்கு அன்றைக்கே ரயில் ஏற வேண்டும். கறுப்புத் தலைத்துணியைக் கட்டிக்கொண்டே கதவு வழியாகக் குரல் கொடுத்தாள்.

"தேயான், ஆசென் சாமான் பீப்பாயில இருக்கு. நாளைக்கு மத்தியானம் எடுத்துப் பூட்டு. அதுக்கு முன்னாடி கை வைக்காத."

"போயிட்டு வாங்க கூமா. நான் என்ன சின்னப் பிள்ளையா?"

ஞாயிற்றுக்கிழமை அவள் ரயிலை விட்டு இறங்கும்போதே ஸ்டேஷனில் சொல்லிவிட்டார்கள். மலைப்பாதை ஏற்றத்தில் அந்தக் காது முறிந்து, நெருப்புப் புகை ஒயர்களில் அடித்து, பஸ் பற்றிக்கொண்டது. எல்லோரும் இறங்கிவிட்டார்கள். கால் சரியில்லாத ஒரு அம்மாளை மட்டும் ஆசென் திரும்ப உள்ளே போய்த் தூக்கிக்கொண்டு வந்தான். அந்த அம்மாளுக்கு ஒன்றும் இல்லை. அவனுக்கு இரண்டு கையும் வெந்துபோனது. பஸ்ஸில் மிஞ்சியது கூடு மட்டும்.

சோதனைக்கு வந்த ஆள் கரி பிடித்த குழாயைக் குனிந்து பார்த்து, 'வெல்டிங் விட்டிருக்கு' என்று ஒரு வார்த்தை சொன்னார். அது ஊருக்குப் போதுமானதாக இருந்தது.

வேல்காவின் முகத்துக்கு நேராக யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. எங்கள் ஊர்க்காரர்களின் மரியாதை அப்படி. முதுகுக்குப் பின்னால்தான் கொல்வார்கள். 'வயசாயிடுச்சு, கண்ணு மங்கிடுச்சு, பாவம்' என்றார்கள். டிராக்டர்க்காரர்கள் சாக்கு மூட்டையை அவள் வாசலைத் தாண்டி டவுனுக்குக் கொண்டுபோனார்கள். போகும்போது நலம் விசாரித்துவிட்டுப் போனார்கள், அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

ஆஸ்பத்திரியில் ஆசெனைப் பார்க்கப் போனாள். கட்டுப் போட்ட இரண்டு கைகளையும் போர்வைக்கு மேல் வைத்துக்கொண்டு, "விடு வேல்கா, இரும்புதானே" என்றான் அவன். அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அதற்குப் பிறகு அவன் தெரு வழியாக நடப்பதையே விட்டுவிட்டாள். வெல்டிங் மெஷின்மேல் பழைய கம்பளியைப் போர்த்தினாள். எந்த ஒட்டில் தவறினோம், சூடு போதவில்லையா, கடைசி ஒட்டைச் சரியாகத் தட்டவில்லையா என்று அந்த வெள்ளிக்கிழமையைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். தவறு கிடைக்கவில்லை. கிடைக்காததால், தன் தவறே தன் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் தான் மழுங்கிவிட்டதாக முடிவு கட்டினாள்.

தேயானுக்கு ஊரில் நல்ல பெயர். கூமாவைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போய்விடுவான். 'அவளால இவன் கராஜுக்கும் கெட்ட பேரு, ஆனா ஒரு வார்த்த சொல்றானா பாரு, தங்கமான பையன்' என்று சாராயக் கடையில் பேசிக்கொண்டார்கள்.

குளிர் விடுகிற நேரத்தில் மன்னிப்பு ஞாயிறு வந்தது. பெரிய நோன்பு தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறு அது. சின்னவர்கள் பெரியவர்கள் வீட்டுக்குப் போய்க் கையை முத்தமிட்டு 'மன்னிச்சிருங்க' என்பார்கள். பெரியவர்கள் 'கடவுள் மன்னிக்கட்டும், நானும் மன்னிச்சேன்' என்பார்கள். எதற்கு என்று கேட்கிற வழக்கம் கிடையாது. கேட்க ஆரம்பித்தால் நோன்பு முடிந்தாலும் பட்டியல் முடியாது என்பதால் இருக்கலாம்.

தேயானும் இலினாவும் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனித்சா அடையைத் தட்டோடு துணியில் மூடி எடுத்துக்கொண்டு இரும்புக் கதவு வழியாக வந்தார்கள். அவன் அந்த இலையுதிர் காலத்தில் காய்ச்சிய பிளம்ஸ் சாராயம், ரக்கியா, ஒரு பாட்டிலும் கொண்டுவந்தான். குனிந்து அவள் கையை முத்தமிட்டான்.

"மன்னிச்சிருங்க கூமா."

"கடவுள் மன்னிக்கட்டும். நானும் மன்னிச்சேன்."

அவன் நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் வேல்காவால் தாங்க முடியவில்லை. ஒரு கூமா செய்யக்கூடாத காரியத்தைச் செய்தாள். அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நீ என்ன மன்னிச்சிருடா. என் கை தவறினதுல உன் கடைக்கும் கெட்ட பேரு. நீ ஒரு வார்த்த சொல்லல. ஆசென் கையப் பாத்தியா? என்ன மன்னிச்சேன்னு சொல்லு."

இலினா பதறினாள். "அய்யோ கூமா, நீங்க போய் இவருகிட்டயா?"

தேயான் ஒரு கணம் சுவரைப் பார்த்தான். பிறகு சொன்னான்:

"மன்னிச்சேன் கூமா."

அன்று மூவரும் அந்த ரக்கியாவைக் குடித்தார்கள். நல்ல சரக்கு என்று வேல்கா பாராட்டினாள். மாதக்கணக்கில் இல்லாத தூக்கம் அன்றைக்கு வந்தது. அந்தத் தூக்கத்துக்காக அவள் தன்னை இன்றைக்கும் திட்டிக்கொள்கிறாள்.

அடுத்த ஆண்டு திராட்சைக்கொடி வெட்டுகிற பெருநாளன்று ஊரே ஒயின் குடுவையும் கத்தரியுமாகத் தோட்டத்துக்குப் போனது. வேல்கா வழக்கம்போல் சுற்றுப்பாதையில் போனாள். அவள் வருவாள் என்று தெரிந்தே ஆசென் அந்த முனையில் வந்து நின்றுகொண்டான். கைகள் ஆறி, தோல் சுருங்கிப் பளபளப்பாக இருந்தன.

"ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, என் தெருவக் கண்டா சுத்திக்கிட்டுப் போற. நான் என்ன கடிக்கிற நாயா? உள்ள வா, ஒரு வாய் ஒயின் குடி."

முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் ஒயின் எடுக்க உள்ளே போனபோது வேல்கா முற்றத்தில் நின்றாள். கோழிக்கூண்டின் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு கனமான இரும்பை அண்டக் கொடுத்திருந்தார்கள். அந்தக் குழாய்தான். பார்க்கக்கூடாது என்று ஒன்றரை வருஷமாக ஓடிய பொருள், கோழி எச்சத்தோடு கிடந்தது.

குனிந்து தூக்கினாள். மேலே அடித்திருந்த வெள்ளி பெயிண்ட் நெருப்போடு போயிருந்தது, ஓரத்தில் ஒரு திட்டு மட்டும் மிச்சம். கரியை மழை கழுவியிருந்தது. முறிந்த காதின் பாதி குழாயோடு நின்றது. அதில் அவள் வைத்த நிக்கல் ஒட்டுகள் வரிசையாக, சுத்தியல் பட்ட பள்ளங்களோடு, மங்கின வெள்ளையாக அப்படியே இருந்தன. நிக்கல் துருப்பிடிக்காது. ஆனால் அவற்றுக்குக் குறுக்கே, ஒரு விரிசல்மேல், நீளமாக இன்னொரு ஒட்டு ஓடியது. ஒரே இழுப்பில் வைத்தது. சுத்தியல் பட்ட தடமே இல்லை, கிரைண்டர் வைத்துத் தேய்த்த கோடுகள் மட்டும். அது செங்கல் நிறத்தில் துருப்பிடித்துப் போயிருந்தது. கேட்டுக்கும் வேலிக்கும் வைக்கிற சாதா ராடு. வேல்கா தன் வாழ்நாளில் வார்ப்பிரும்பில் அந்த ராடை வைத்தது கிடையாது.

ஆசென் இரண்டு கிளாஸோடு வந்தான்.

"அத ஏன் தூக்கற? சோதனைக்காரங்க திருப்பிக் குடுத்தாங்க, எறியவும் மனசு வரல."

"இத உன் வண்டில எப்பப் பூட்டினான்?"

"நீ வேல செஞ்ச அன்னிக்கே. வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்குள்ள வண்டி வாசலுக்கு வந்துடுச்சு. கூமா சரின்னுட்டாங்கன்னான்."

"சனிக்கிழமை அவன் எங்க இருந்தான்?"

"மறந்துட்டியா? அன்னிக்கு ரக்கியா காய்ச்சற எடத்துல அவன் முறை. காலைலேர்ந்து அங்கதான் கெடந்தான். போதையில பாட்டு வேற பாடினான்."

ஊருக்கு ஒரே சாராய உலை, முறை தவறினால் அடுத்த முறை கிடைக்காது, பழக்கூழ் புளித்துப்போகும். அதனால் வெள்ளிக்கிழமையே வேலையை முடித்துக்கொண்டான். ரயில் ஏறிய கூமா ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் சாம்பலைக் கிளறி, கொதிக்கக் கொதிக்க இருந்ததைக் குளிரில் எடுத்து வைத்திருக்கிறான். 'டிங்' என்ற சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கும். கேட்டும், மேலே ஒரு ஒட்டை இழுத்து, தேய்த்து, வெள்ளி பெயிண்ட் அடித்துப் பூட்டிவிட்டான். அந்தச் சாராயத்தைத்தான் அவள் நல்ல சரக்கு என்று குடித்தாள்.

விஷயத்தைக் கேட்ட ஆசென் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "வா, ரெண்டு பேருமா போயி அவன் வாய உடைப்போம்" என்றான்.

"வேண்டாம். மன்னிப்பு ஞாயிறு வருது. இந்தத் தடவ அவனாச் சொல்றானா பாக்கறேன்."

அந்த நாட்களில் தேயான் கதவு வழியாக எட்டிப் பார்த்து நலம் விசாரித்தான். விறகு பிளந்து கொடுத்தான். அவளும் பதில் சொன்னாள். சொல்லிவிடுவான் என்று அவள் உண்மையிலேயே நம்பினாள். கிரீடம் பிடித்த கை அல்லவா. அது அவ்வளவு சுலபமாக வெறுக்காது.

ஞாயிறு வந்தது. பனித்சா வந்தது. அவன் குனிந்து கையை முத்தமிட்டான்.

"மன்னிச்சிருங்க கூமா."

"எதுக்கு?" என்றாள் வேல்கா.

இலினா சிரித்துவிட்டாள். "என்ன கூமா, யாராவது எதுக்குன்னு கேப்பாங்களா?"

"நான் கேக்கறேன். எதுக்கு?"

"எல்லாத்துக்கும்தான் கூமா," என்றான் தேயான். "தெரிஞ்சு செஞ்சது, தெரியாம செஞ்சது."

"தெரிஞ்சு செஞ்சதுல ஒண்ணச் சொல்லு."

அவள் காத்திருந்தாள். அடுப்பில் விறகு ஒன்று சரிந்தது. பிறகு அவள் சாக்கைப் பிரித்து அந்தக் குழாயை மேஜையில் பனித்சாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். சிவந்த ஒட்டு மேலாக இருந்தது. அவன் அதைப் பார்த்தான், தொடவில்லை.

"நீங்க போன வருஷமே மன்னிச்சிட்டீங்களே கூமா," என்றான் மெதுவாக. "இதுக்குத்தான் கேட்டேன். சத்தியமா இதுக்குத்தான்."

"எதுக்கு?" என்றாள் இலினா. அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பது அந்த ஒரு வார்த்தையில் வேல்காவுக்குத் தெரிந்துவிட்டது. "என்னங்க செஞ்சீங்க?"

அவன் மனைவி பக்கம் திரும்பவில்லை.

"கூமா, வெளிய தெரிஞ்சா கராஜ யாரு நம்புவா? உங்களுக்கு வயசு ஆச்சு, எப்படியும் வேலய விடற நேரம்தான். நான் இப்பதான் காலூன்றேன்."

வேல்காவுக்கு இரும்பு உடைந்ததுகூட ஆறிப்போயிருந்தது. சாம்பலைக் கிளறியதை, அவசரத்தில் புத்தி கெட்டுப்போனான் என்று ஒருவேளை விட்டிருப்பாள். ஆறாதது வேறொன்று.

"போன வருஷம் இதே எடத்துல நான் உன் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். மன்னிச்சேன்னு சொல்லுடான்னு கேட்டேன். நீ என்ன சொன்ன?"

அவன் கண் இலினா பக்கம் போய்த் திரும்பியது.

"சொல்லு. இலினா கேக்கட்டும்."

"மன்னிச்சேன்னு சொன்னேன்."

"எத மன்னிச்ச?"

இலினா அழ ஆரம்பித்தாள். வேல்கா அவளை மட்டும் அணைத்து, நெற்றியில் முத்தமிட்டாள். அவனிடம் 'நானும் மன்னிச்சேன்' என்ற இரண்டு வார்த்தையைச் சொல்லவில்லை. லிபோவோவில் ஒரு கூமா அந்த வார்த்தையைச் சொல்லாமல் ஆளை அனுப்பினாள் என்று அதற்கு முன் நாங்கள் கேள்விப்பட்டதில்லை. அவர்கள் போனபிறகு பனித்சா மேஜையிலேயே கிடந்தது. அவன் பிளந்து கொடுத்த விறகுகூட அன்று அவளுக்குப் பொய்யாகத் தெரிந்தது.

மறுநாள் நோன்பின் முதல் திங்கள். பட்டப்பகலில் வேல்கா மெஷின்மேல் இருந்த கம்பளியை எடுத்து உதறினாள். வயர்களை இழுத்துக்கொண்டு இரும்புக் கதவுக்குப் போனாள். கதவைச் சாத்தி, முகமூடியை இறக்கி, மேல் மூலையில் முதல் ஒட்டை வைத்தாள். ஒட்டு ஒழுங்காக, ஒரே அளவில் ஓடியது. அவள் கைதான் தவறியது என்று இவ்வளவு நாள் ஊர் சொன்னதை விடுங்கள், அவளே அல்லவா நம்பிக்கொண்டிருந்தாள். முகமூடிக்குள் அவள் அழுதது யாருக்கும் தெரியவில்லை.

தீப்பொறியைப் பார்த்துத் தெருவில் ஆள் கூடியது. கதவுக்கு அந்தப் பக்கம் தேயானின் செருப்புச் சத்தம் கேட்டது.

"கூமா, தொறங்க. இந்தக் கதவ நீங்கதானே எங்களுக்குக் குடுத்தீங்க. நான் ஆசென்கிட்டப் போறேன். எல்லாத்தையும் சொல்லிடறேன். இப்பவே போறேன்."

கதவும் நிலையும் எஃகோடு எஃகு. சூடாக்கவும் வேண்டாம், தட்டவும் வேண்டாம், சாம்பலில் வைத்துக் காத்திருக்கவும் வேண்டாம். வேல்கா புது ராடு ஒன்றைச் சொருகிக்கொண்டு கீழ் மூலைக்குக் குனிந்தாள்.

"போ," என்றாள். "தெரு வழியாப் போ."